கலங்கல் பதிப்பில் காணாமற்போன புள்ளி

பெயர்ப்பலகை செய்யும் போர்டுகாரரின் கடைக் கணினியில் ஒருநாள் காலையில் புள்ளி காணாமல் போயிற்று. எல்லாப் புள்ளிகளும் போகவில்லை. சொல்லின் நடுவில் இருந்தவை தத்தம் எழுத்தின் தலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. கடைசி எழுத்தின் மேல் இருக்கவேண்டியது மட்டும் இல்லை. ‘மூடவும்’ என்ற பொத்தானே வாயை மூடாமல் ‘மூடவும’ என்று நின்றது.

அவர் முதலில் திரையைத் துடைத்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தம் வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் வருத்தப்பட்டார். வயதானால் கண்ணில் பூச்சி பறக்கும் என்று கேட்டிருக்கிறார்; இருக்கிற புள்ளி பறந்துபோகும் என்று யாரும் சொன்னதில்லை. கடைசியில் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. குடும்பத்தில் அவனுக்குப் பெயர் அப்டேட். சாப்பிட உட்கார்ந்தால்கூட இலேசாக ஏதாவது ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டேதான் உட்காருவான். ‘ஊற்று’ என்ற லினக்ஸ் அமைப்பைப் போர்டுகாரர் தலையில் கட்டியவன் அவன்தான். ஊற்று இலவசம், ஊர் உலகத்துத் தன்னார்வலர்கள் கூடிச் செய்தது. அதில் இரண்டு பதிப்புகள். பொதுமக்களுக்கானது ‘தெளிவு’. இன்னும் உருவாகிக்கொண்டே இருப்பது ‘கலங்கல்’. கலங்கலில் போடுவதெல்லாம் ஒருநாள் வண்டல் அடங்கித் தெளிவுக்கு வரும் என்பது ஏற்பாடு.

“ஊரெல்லாம் அடுத்த வருஷம் பாக்கப் போறதை நீங்க இன்னிக்கே பாக்கலாம் அத்தான்” என்று சொல்லி, கலங்கலைத்தான் அவன் கடைக் கணினியில் ஏற்றினான். ஏதோ வசதிகளைச் சொல்கிறான் என்று போர்டுகாரர் நினைத்துக்கொண்டார். அவஸ்தைகளையும் ஒரு வருஷம் முன்கூட்டியே பார்க்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

“புள்ளி போச்சா?” என்றான் அப்டேட். குரலில் கவலைக்குப் பதில் ஒரு மரியாதை இருந்தது. “சூப்பர் அத்தான். இதை இன்னும் யாருமே கண்டுபிடிக்கல. நீங்கதான் முதல் ஆள்.”

“பட்டம் அப்புறம் குடு. எல்லாரும் வெச்சிருக்கிற தெளிவுக்கே என்னைக் கொண்டுபோய் விடு.”

“கலங்கல்லேர்ந்து தெளிவுக்கு மாறறதுக்கு வழி இல்லையே. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடலாம். ஆனா இதுல செஞ்ச டிசைன் எதுவும் அதுல திறக்காது. பிரிண்டரும் பேசாது.”

“அது ஏற்கெனவே யாரோடயும் பேசாது” என்றார் போர்டுகாரர். அந்தப் பெரிய அச்சு இயந்திரம் இந்த ஒரு கணினியின் சொல்லைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. மாமியார் வீட்டில் மூத்த மாப்பிள்ளைபோல் அது கடையின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

சாதாரண நாளாக இருந்தால் ஒரு புள்ளிக்காக அவர் இவ்வளவு அலட்டிக்கொண்டிருக்க மாட்டார். இது வேறு மாதிரி நாள்.

அவருடைய மனைவிக்கு ஒரு தங்கை, பல் டாக்டர். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பயிற்சிக்கு ஆள் கிடைக்காமல், பல்வலி என்று சொன்ன அக்காவையே நாற்காலியில் உட்கார வைத்தாள். அக்கா காட்டியது ஒரு பல். தங்கை எடுத்தது பக்கத்துப் பல். அன்றிலிருந்து இருவருக்கும் இடையே, அந்த வாயில் விழுந்ததைவிடப் பெரிய இடைவெளி. விசேஷங்களில் பார்த்தால் பேசுவார்கள். ஆனால் இருவரும் பேசுவது போர்டுகாரரிடம். “உங்க வீட்ல குழம்பு நல்லா இருக்குன்னு சொல்லுங்க அத்தான்” என்பாள் தங்கை. அதைக் கேட்க அக்கா பக்கத்திலேயே கரண்டியோடு நிற்பாள்.

இப்போது தங்கை சொந்தமாக மருத்துவமனை திறக்கிறாள். பல இடங்களில் வேலை பார்த்து, எங்கும் ஒத்துப்போகாமல் வெளியே வந்து, கடைசியில் கடன் உடன் வாங்கி ஒரு சின்ன இடம் பிடித்திருந்தாள். பெயர்ப்பலகை அத்தான் கடையில்தான் செய்யவேண்டும் என்றும், அதில் என்ன எழுதுவது என்பதை அக்காவே சொல்லட்டும் என்றும் தம்பி அப்டேட்டிடம் சொல்லி அனுப்பினாள். சமாதானத்துக்கு அவளுக்குத் தெரிந்த வழி அது.

மனைவி அன்று முழுக்க வீட்டு வேலையில் மும்முரமாக இருந்தாள். சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே, “‘பல் மருத்துவமனை’ன்னு பெருசா போடுங்க. வேற அலங்காரம் வேண்டாம். பச்சை எழுத்து. அவளுக்குப் பச்சைன்னா பிடிக்கும்” என்றாள். அவளுக்குத் தெரிந்த வழி இது.

போர்டுகாரர் உற்சாகமாகப் பச்சையில் மாதிரி செய்து, படமாக எடுத்து, புள்ளி போன விஷயம் கவனத்துக்கு வருவதற்கு முன்பே மைத்துனிக்கு அனுப்பிவிட்டார். அதில் இப்படி இருந்தது: ‘பல மருத்துவமனை’.

பதில், அவர் வீட்டில் இருக்கும்போது போனில் வந்தது; ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்.

“அக்காதானே எழுதிக் குடுத்தா?” என்றாள் மைத்துனி.

“ஆமாம்மா, அவளேதான்” என்றார் அவர், பெருமையாக.

“சரி அத்தான். பல மருத்துவமனை ஏறி இறங்கினவதான் நான். அதை வாசல்லயே எழுதி வெக்கணும்னு அவ ஆசைப்பட்டா, நான் என்ன சொல்ல? போர்டு வேண்டாம்னு சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை தொறக்கறேன். அவ வரணும்னு இல்லை.”

போன் வைக்கப்பட்டது. சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

“நான் பல்லுன்னு சொன்னேன்” என்றாள் மெதுவாக. “உங்க கம்ப்யூட்டர் என் வாயில வராததைச் சொல்லிடுச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் புள்ளியைக் கொண்டு வாங்க. இல்லாட்டி அவ வாசப்படி எனக்கு இல்லை.”

அப்படித்தான் போர்டுகாரர் ஊற்றின் குறைப்பதிவுத் தளத்துக்குள் காலெடுத்து வைத்தார்.

தளம் அவரை அன்போடு வரவேற்றது. ‘உங்கள் குறையே எங்கள் உயிர்’ என்றது. பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. குறை நிகழ்வதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? (கடை திறந்தேன்.) என்ன நிகழும் என்று எதிர்பார்த்தீர்கள்? (வியாபாரம்.) இக்குறையால் உங்கள் மனநிலை எவ்வாறு உள்ளது? அதற்கு ஐந்து முகங்கள் கொடுத்திருந்தார்கள், அனைத்தும் சிரித்துக்கொண்டிருந்தன. அவர் இருப்பதிலேயே குறைவாகச் சிரித்த முகத்தைத் தேர்ந்தெடுத்தார்.

கடைசியாகக் குறையை விவரிக்கும் கட்டம் வந்தது. அவர் நிதானமாக, ‘நான் பல் என்று அடித்தால் பல் என்று வருகிறது’ என்று எழுதினார். அடித்தால் வருவதைக் காட்ட, இரண்டாவதையும் முதலாவதைப்போலவே அடித்திருந்தார்; அவர் திரையில் இரண்டு இடத்திலும் புள்ளி இல்லை. முதல் சொல்லைப் படிப்பவர்களே புள்ளி வைத்துப் படித்துக்கொள்வார்கள் என்று நம்பினார். படிப்பவர்களின் திரைகளோ தெளிவுப் பதிப்பில் ஓடின. அங்கே இரண்டு இடத்திலும் புள்ளி ஜம்மென்று இருந்தது.

மறுநாள் பதில் வந்தது. ‘பல் என்று அடித்தால் பல் என்று வருவதாகத் தெரிவித்தமைக்கு நன்றி. எங்களுக்கும் அப்படியே வருகிறது. நிலை: செம்மையாக இயங்குகிறது. மூடப்பட்டது.’

கீழே ஒரு தானியங்கி, அவருக்கு ‘இளம் குறையாளர்’ என்ற பட்டத்தை வழங்கியிருந்தது. போர்டுகாரருக்கு வழுக்கை விழுந்து வெகுகாலம் ஆகிறது.

“நேர்ல போயிடலாம் அத்தான்” என்றான் அப்டேட். “நம்ம ஊர்லயே அவங்களுக்குப் பயனர் உறவு மையம் இருக்கு. எல்லாரும் ரொம்பத் தங்கமானவங்க.”

மையம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போது பஞ்சு மணம் வந்தது. உள்ளே நீள மேசை. அதன் நடுவில் பாம்புப் புற்றுபோலச் சார்ஜர் வயர்கள். சுவரில் ‘இங்கே அனைவரும் சமம்’ என்ற வாசகம். அதற்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் கைப்பிடியும் சக்கரமும் இருந்தன.

காத்திருக்கும் பெஞ்சில் ஒரு கணக்காளர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவருடைய திரையில் மவுஸ் அம்பு வலப்பக்கம் போகவே போகாதாம்.

“ஐயோ பாவம். ரொம்ப நாளாவா?” என்றார் போர்டுகாரர்.

“அது பரவாயில்லைங்க. எல்லாத்தையும் இடப்பக்கம் அடுக்கி வெச்சுப் பழகிட்டேன். இப்ப யாரோ அதைச் சரி பண்ணப் போறாங்களாம். பண்ணிடாதீங்கன்னு மனு குடுக்க வந்திருக்கேன்.”

அவருடைய மனு அந்த இடத்திலேயே ஏற்கப்பட்டது. எதையும் செய்யாமலிருக்கச் சொல்லும் கோரிக்கைகளுக்கு அங்கே தனி வரிசை, அது வேகமாக நகர்ந்தது.

போர்டுகாரரைத் தரம்பிரிப்பாளர் அழைத்தார். வருகிற குறைகளைப் பெரிது, சிறிது, நம்முடையது, பிறருடையது என்று பிரிப்பது அந்த அம்மையாரின் வேலை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தார்.

“நீங்கதான் ‘பல் பல்’லா?”

“ஆமாங்க” என்றார் போர்டுகாரர். வேறென்ன சொல்வது.

“உங்க பதிவை எல்லாரும் ரசிச்சோம். குறைன்னு வந்தவங்கள்ல நல்லது சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதைப் பாராட்டுப் பிரிவுக்கு மாத்திட்டோம்.”

“அது பாராட்டு இல்லைங்க. கடைசி எழுத்துக்குப் புள்ளி வரமாட்டேங்குது.”

அம்மையார் தம் திரையைத் திருப்பிக் காட்டினார். “எனக்கு வருதே.”

“உங்களுக்கு வரும். எனக்கு வரல.”

“எனக்கு வராத குறையை நான் எப்படிங்க குறைன்னு ஒத்துக்க முடியும்?”

போர்டுகாரர் போனிலிருந்த படத்தைக் காட்டினார். தரம்பிரிப்பாளர் அதைப் பெரிதாக்கி, சாய்த்து, உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார்.

“பல மருத்துவமனை. இதுல தப்பு இருக்குதான்.”

“அப்பாடா.”

“‘பல’ன்னா பன்மை. ‘பல மருத்துவமனைகள்’னு வரணும். ‘கள்’ விட்டிருக்கீங்க. இது உங்க பக்கத்து எழுத்துப்பிழை.”

அப்டேட் அத்தானின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். மூச்சை நன்றாக இழுத்து விட்டுவிட்டுப் போர்டுகாரர் சொன்னார்: “அம்மா, புள்ளி இருந்துச்சு. போயிடுச்சு. மறுபடி வேணும்.”

“இதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. இருந்துச்சு, போச்சுன்னா அது குறை. வேணும்னா அது கோரிக்கை. ரெண்டையும் ஒரே பதிவுல போட்டா நிராகரிச்சிடுவோம். தனித்தனியா போட்டா, ஒண்ணுக்கு இன்னொண்ணு நகல்னு ரெண்டையும் மூடிடுவோம்.”

“அப்ப எப்படித்தான் போடறது?”

“அந்தக் கேள்வியைக் கோரிக்கையா பதிவு பண்ணலாம்” என்றார் அவர், மெய்யான பரிவோடு.

கொஞ்சம் இறங்கிவந்து, எழுத்துகளைத் திரையில் வரைகிற பகுதி தங்களுடையதே அல்ல என்றும் விளக்கினார். அதைச் செய்வது வேறொரு குழு. மேல்மடை என்று பெயர். அங்கிருந்து வருவதை இங்கே பிடித்துக் கொடுப்பதோடு சரி. மேல்மடைக்காரர்களைக் கேட்டால், ‘எங்களிடமிருந்து புறப்படும்போது புள்ளி இருந்தது, கீழ்மடையில் யாரோ கலக்கிவிட்டார்கள்’ என்பார்கள். கேட்டாயிற்று, சொல்லியும்விட்டார்கள்.

“அப்ப புள்ளி வழியிலதான் எங்கியோ விழுந்திருக்கு” என்றான் அப்டேட், உதவி செய்கிற எண்ணத்தில்.

அந்த நேரம் கைப்பிடியும் சக்கரமும் வைத்த அந்த நாற்காலி உருண்டு வந்தது. அதில் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். சாம்பல் தாடி, சட்டையில் ஊற்றின் சின்னமான ஒரு சொட்டு நீர். புள்ளி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு உரை ஊறிவிட்டது. அறையில் இருந்தவர்கள் அவரவர் வேலையை நிறுத்திக் கைகட்டினார்கள்.

“நண்பர்களே, பயனர்தான் நமக்கு எல்லாம். பயனர் மட்டும் இல்லேன்னா நம்ம வேலை எவ்வளவு சீக்கிரம் முடியும்னு நான் அடிக்கடி யோசிப்பேன். இருந்தாலும் அவங்களை நாம கைவிட்டதில்லை. போன வருஷம் வந்த குறைகள்ல ஏறக்குறைய எல்லாத்தையும் மூடியிருக்கோம். ‘சரி பண்ணினீங்களா’ன்னு சிலர் கேக்கறாங்க. அது வேற துறை. நாங்க மூடற துறை.”

கைதட்டல் எழுந்தது. கணக்காளர் இடக்கையால் மேசையைத் தட்டினார்.

“இப்ப இந்த நண்பர் புள்ளியைப் பத்திச் சொல்றார். நம்ம முன்னோர் ஓலையில எழுதினப்ப புள்ளி வெச்சாங்களா? இல்லை. வெச்சா ஓலை கிழியும். அவங்களுக்குப் புரியலையா? புரிஞ்சுது. ஆக, கலங்கல்ல நடந்திருக்கறது குறை இல்லை. மரபு. நாங்க அதைத் திட்டமிட்டுச் செய்யல. அதனாலதான் அது இன்னும் உயர்வானது. புள்ளிங்கறது தேவையான்னு கேட்டா, அது ஒரு பழக்கம். மூச்சு விடறதும் பழக்கந்தான். பழக்கத்தை மாத்தலாம்.”

“எனக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணுங்க” என்றார் போர்டுகாரர். “என் மனைவியோட தங்கச்சி…”

“குடும்பத்தை இதுல கொண்டு வராதீங்க” என்றார் ஒருங்கிணைப்பாளர், வருத்தத்துடன். “நாங்கெல்லாம் குடும்பத்தைப் பாத்தே ரொம்ப நாளாச்சு. ஒரு வழி சொல்றேன். உங்க டிசைன்ல புள்ளியை நீங்களே ஒரு வட்டமா வரைஞ்சுக்குங்க. அதை ‘அதிகாரபூர்வ மாற்று வழி’ன்னு தளத்துல போட்டுடறோம். குறை தீர்ந்தது.”

தரம்பிரிப்பாளர் உடனே ஏதோ தட்டினார். போர்டுகாரரின் போன் அதிர்ந்தது. அவர் ‘மூத்த குறையாளர்’ ஆகியிருந்தார்.

படியிறங்கும்போது அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அவர்களில் யாரும் கெட்டவர்களாக இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. தாமே ஒரு வட்டம் போட்டுக்கொள்ளலாம் என்பது இத்தனை நாள் மண்டையில் உறைக்காமல், ஒரு புள்ளிக்காக மாடி ஏறிவந்து மனு கொடுத்த ஆளை என்னவென்று சொல்வது?

கடைக்குத் திரும்பி, பச்சையில் ஒரு வட்டம் வரைந்து ‘ல’வின் தலையில் வைத்தார். சற்றுப் பெரியதாகிவிட்டது. சுருக்கினார். இடப்பக்கம் நகர்த்தினார். பின்னால் வந்து நின்ற மனைவி, “இன்னும் கொஞ்சம் மேல” என்றாள். “அங்க இல்லை, இங்க” என்று திரையைத் தொட்டே காட்டினாள். அவள் சொன்ன இடத்தில் வைத்ததும், பொட்டு வைத்த முகம்போல அந்தச் சொல் விளங்கியது.

“இதை அவளுக்கு அனுப்பட்டுமா?” என்றார்.

“வேண்டாம். படம் அனுப்பினதெல்லாம் போதும். நேரா கொண்டுபோய் மாட்டிடுங்க. பாத்தா தெரிஞ்சுக்குவா.”

ஞாயிற்றுக்கிழமை காலை அச்சு இயந்திரத்தைச் சூடேற்றிவிட்டு, கோப்பை அனுப்பும் பொத்தானை அமுக்கினார். ‘முக்கியமான புதுப்பிப்பு. குறுக்கிடவேண்டாம்’ என்று திரை கறுத்தது. மறுபடி வெளுத்தபோது இயந்திரம் தானாகவே ஓட ஆரம்பித்திருந்தது. பலகை அளவுத் தாள் மெல்ல மெல்ல வெளியே நீண்டது. முதலில் ‘ப’ வந்தது. பிறகு ‘ல்’ வந்தது. அதன் தலையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளிகள்.

புதுப்பிப்பு, புள்ளியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அவர் வைத்ததும் போகவில்லை.

மறுபடி அச்சடிக்கத் தாளும் இல்லை, நேரமும் இல்லை. திறக்கப்போகிற வாசலில் போர்டு இல்லாமலிருப்பதா, இப்படி ஒரு போர்டோடு இருப்பதா என்று அவர் தலையைச் சொறிந்தார். மனைவி தாளைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“குறைச்சலா இருந்துச்சு, சண்டை வந்துச்சு” என்றாள். “கூட இருந்தா என்ன வந்துடும்? எடுங்க, போலாம்.”

“நீயுமா வர்றே?”

“ஏணியைப் பிடிக்க ஆள் வேணாமா?”

மருத்துவமனை ஒரு துணி வெளுக்கும் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருந்தது. அப்டேட் முன்னாடியே வந்து நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தான். மைத்துனி வெள்ளைக் கோட்டில் வாசலில் நின்றாள். அக்காவைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள், வழிவிட்டு ஒதுங்கினாள். போர்டுகாரர் மேலே ஏறினார். மனைவி ஏணியைப் பிடித்தாள். இரண்டு பேரும் வழக்கம்போல் அவர் வழியாகவே பேசினார்கள். இந்தத் தடவை அவர் அந்தரத்தில் இருந்தார்.

“அத்தான், அதுல ஏன் ரெண்டு புள்ளி?”

“ஒண்ணு கம்ப்யூட்டர் வெச்சதுன்னு சொல்லுங்க” என்றாள் மனைவி.

“இன்னொண்ணு?”

“அது நான் வெக்கச் சொன்னது. அன்னிக்கு அனுப்பினதுலயும் நான் பல்லுன்னுதான் சொன்னேன். மெஷின் முழுங்கிடுச்சு. நான் அப்படியெல்லாம் எழுதுவேனா? பேசத்தான் மாட்டேன், வாசல்ல எழுதி மாட்டற அளவுக்கு நான் கெட்டவளா?”

சைக்கிள் கடையில் யாரோ காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. போர்டுகாரர் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அதிர்ந்தது. ‘உங்கள் குறை தீர்க்கப்பட்டது. தங்கள் புள்ளி அதிகப்படியாக இருப்பின் புதிய பதிவாகச் சமர்ப்பிக்கவும். குறையா, கோரிக்கையா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடவும்.’ அவர் போனைப் பையில் போட்டுவிட்டு ஆணியை அடித்தார். இரண்டு புள்ளிகளும் வெயிலில் பளிச்சென்று இருந்தன.

இறங்கி வந்தபோது ஏணியைப் பிடிக்க ஆளில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். புது நாற்காலியில் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கைப்பிடியை இறுக்கப் பிடித்தபடி. மேலே விளக்கு எரிந்தது.

“உனக்குப் பல்வலியா?” என்றார் போர்டுகாரர். வீட்டுக்காரருக்கே அது புதுச் செய்தி.

“ரொம்ப நாளா. வேற டாக்டர்கிட்ட போக மனசு வரல” என்றாள் அவள், கூரையைப் பார்த்து.

மைத்துனி சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். படம் எடுத்தாள். கணினித் திரையில் பற்கள் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. அவள் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

“அக்கா, படத்துல ஒண்ணுமே தெரியலை. பல் நல்லாத்தான் இருக்கு.”

இந்த வாசகத்தைப் போர்டுகாரர் எங்கெல்லாமோ கேட்டு வந்திருக்கிறார். இதற்கு அடுத்தது என்ன வரும் என்பதும் அவருக்கு மனப்பாடம்.

மைத்துனி திரையை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆனா வலிக்குதுன்னு நீ சொல்றே. அப்ப வலிக்குதுதான். எந்தப் பல்லுன்னு நீயே விரல் வெச்சுக் காட்டு. அவசரமே இல்லை.”

அக்கா வாயைத் திறந்தாள்.